செவ்வாய்க்கிழமை ராகுகாலம்

பிற்பகல் 3.41. ஒஸ்லோ மெட்ரோவில் என் எதிரே இரண்டு தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் அம்மருட் ஸ்டேஷனில் இறங்குவதற்காகக் கறிகாய்ப் பையை முன்கூட்டியே மடியில் எடுத்து வைத்திருந்தாள். ஜன்னலோரம் இருந்தவள் உள்ளே வந்தும் கையுறையைக் கழற்றவில்லை.

“அக்கா, நேற்று ஒரு கமரா என்னைச் சாகப்போறவள் எண்டு பிடிச்சிட்டுது” என்று அவள் சிரித்தாள்.

“என்னடி கதைக்கிறாய்?”

“ஸ்டேஷனில புதுசாப் பூட்டியிருக்கினம். ஒராள் ஒரே இடத்தில நிண்டு ரயிலுகளை விட்டுக்கொண்டிருந்தா, அது தானா அறிவிக்குமாம். நான் நாலு ரயிலை விட்டிட்டன். யூனிபோர்ம் போட்ட வெக்தர், அதான் ஸ்டேஷன் காவலாளி, ஒருத்தன் ஓடிவந்து, சாக யோசிக்கிறீங்களோ எண்டு நேராவே கேட்டான்.”

“கடவுளே! நீ என்ன சொன்னனீ?”

“ராகுகாலம் முடியட்டும் எண்டு நிக்கிறன் எண்டன். அதை நொஸ்க் பாஷையில விளங்கப்படுத்த நான் பட்ட பாடு!”

“பாவம், ராகு ஆரெண்டு பொலிசில விசாரிச்சிருப்பான்.”

இருவரும் சிரித்தார்கள். மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எத்தினை மணிக்கு இது?”

“காலமை பத்து இருக்கும்.”

மூத்தவளின் சிரிப்பு நின்றது.

“நேற்று செவ்வாய். செவ்வாயில ராகுகாலம் பின்னேரம் மூண்டு மணிக்கெல்லோ, வதனா.”

வதனா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“வெக்தருக்கு அது தெரியாதுதானே, அக்கா.”

அம்மருட்டில் கதவு திறந்து மூடியது. மூத்தவள் இறங்கவில்லை.