கத்தாமல் வந்த வேட்டு

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் சௌந்தரபாண்டியன் அவர்களே, கஸ்தூரி டீச்சர் அவர்களே, இந்தப் புதுப் பள்ளிக்கூடத்தைக் கட்டி முடித்த கையோடு நம் அண்ணன் படத்துக்கு ஆள் உயர மாலையும் கொண்டுவந்திருக்கும் காண்ட்ராக்டர் நல்லமுத்து அவர்களே, முன்வரிசையில் தரையில் அமர்ந்திருக்கும் அண்ணன் மனைவி சந்தனம்மாள் மதினி அவர்களே, பரளச்சியிலிருந்தும் பாலவனத்தத்திலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! பஸ் நிறுத்தத்து மளிகைக்கடை பொன்னுச்சாமியின் வணக்கம்.

நான் மேடை ஏறும்போதே தலைவர் காதோடு ஒன்று சொன்னார். "நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு இறங்கிருங்கண்ணே" என்றார். நல்லதாக நாலு வார்த்தை! வேட்டுக்காரர் கருத்தப்பாண்டி உயிரோடு நம் தெருவில் நொண்டிக்கொண்டு நடந்தாரே, அப்போது அந்த நாலு வார்த்தையை எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தோம்? எனக்குக் கோபமாக இருக்கிறது ஐயா. அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம்தான் வருகிறது. அதில் முதல் பங்கு எனக்கே. மற்றவர்கள் பங்கை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக முதலிலிருந்து வருகிறேன். நம் பக்கத்தில் மழை பொய்த்தால் கிணற்றை ஆழமாக்குவோம். பத்தடி போனால் பாறை. பாறையில் குழி அடித்து, வெடித் தோட்டா திணித்து, திரி பற்றவைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் நம் அண்ணன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இன்றைக்குத் தண்ணீர் கிடக்கிற கிணறுகளில் பாதி அவர் கை வைத்தது. திரியைப் பற்றவைத்ததும் மேலே ஏறி வந்து, சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு மூன்று தடவை கத்துவார். "வேட்டு! வேட்டு! வேட்டேய்!" அந்தக் குரல் பரளச்சி சாலை வரைக்கும் கேட்கும். கேட்டதும் நாம் என்ன செய்வோம்? கல் பறந்து வந்து மண்டையில் விழுமே என்று அவரவர் கூரைக்குள் ஓடுவோம். பிள்ளைகள் ஓடும், கோழி ஓடும், என் கடை வாசலில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து மூட்டைக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறந்ததிலிருந்து நம் உடம்பில் ஊறிய பழக்கம் அது. அதிர்ந்தால் உள்ளே ஓடு!

அறுபத்தைந்தில் அண்ணன் தன் தம்பி சின்னச்சாமியைக் கூட்டிக்கொண்டு மராட்டியத்துக்குப் போனார். கொய்னா என்ற ஊரில், அணைக்கட்டுப் பக்கம் பாறை உடைக்கும் வேலை. அறுபத்தேழு கார்த்திகையில் அங்கே பூமி நடுங்கியது. பத்திரிகையில் நாமும் படித்தோம், படித்த தாளில் கடலை மடித்தோம். அண்ணன் தனியாகத் திரும்பி வந்தார். என்ன நடந்தது என்று அவர் வாயைத் திறந்தது ஒரே ஒரு தடவை, என் கடையில் உட்கார்ந்து. அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"விடியக் கருக்கல்ல தரை ஆடுச்சு பொன்னுச்சாமி. தம்பி எந்திருச்சு, அண்ணே என்னண்ணேன்னான். நாந்தான் சொன்னேன், வேட்டுதாம்லே, பேசாமப் படுன்னு. படுத்துட்டான். எனக்குக் கோவம் தாங்கல. கத்தாம எவன் வேட்டு வச்சது, தொழில் தெரியாத பய எவன்னு வையுறதுக்கு வெளிய போனேன். பத்து எட்டு வச்சிருப்பேன். திரும்பிப் பாத்தா வீடு இல்ல."

அவர் பிழைத்தது கோபத்தால். தம்பி செத்தது அண்ணன் சொல்லைக் கேட்டதால். அந்த மனிதர் அதற்குப் பிறகு எத்தனை நாள் ஒழுங்காகத் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

ஊருக்கு வந்ததும் அவர் புதிதாக ஒன்று சொல்ல ஆரம்பித்தார். வேட்டு வைக்கப் போகிற வீடெல்லாம் ஏறி இறங்கிச் சொன்னார். "எங் கொரல் கேட்டு அதிர்ந்தா உள்ள போங்க. கொரல் கேக்காம அதிர்ந்தா வெளிய வாங்க." இவ்வளவுதான் ஐயா! இதைக் கேட்டு நாம் என்ன செய்தோம்? சிரித்தோம். அவருக்குப் 'பூகம்பம்' என்று பட்டப் பெயர் வைத்தோம். வைத்தது யார்? இதோ நிற்கிறேனே, நான்தான். அவர் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது பின்பக்கமாக வந்து பெஞ்சை ஆட்டுவேன். மனிதர் டம்ளரோடு ரோட்டுக்குத் தாவுவார். வேட்டியெல்லாம் டீ கொட்டும். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். அவர் ஒரு நாளும் என்னை வையவில்லை. திரும்பி வந்து, "நீயும் ஏன்லே உள்ள நிக்க, வெளிய வரணும்ல" என்பார். என் விளையாட்டிலும் எனக்காகப் பயந்த மனிதர் அவர்!

எழுபத்திரண்டு மாசி மாதம். செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. என் கடையில் மிட்டாய் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன. தராசுத் தட்டு தானாக ஆடியது. வேட்டு என்றால் முதலில் குரல் வரவேண்டும், பிறகு சத்தம் வரவேண்டும். அன்றைக்குக் குரலும் இல்லை, சத்தமும் இல்லை, தரை மட்டும்தான் ஆடியது. ஆனால் நான் என்ன கத்தினேன் தெரியுமா? "வேட்டு! வேட்டு!" கத்திக்கொண்டே கடைக்குள் ஓடினேன். தெருவே கத்தியது, தெருவே வீட்டுக்குள் ஓடியது.

பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் இடைவேளை மணி அடித்திருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகள் மைதானத்தில். நம் கூச்சலைக் கேட்டு அத்தனையும் வகுப்புக்குள் ஓடின. நாம்தான் ஓடவைத்தோம். வெட்டவெளியில் பத்திரமாக நின்ற பிள்ளைகளை, அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நல்லமுத்து அவர்கள் கட்டிக்கொடுத்த சுவருக்கு அடியில் நாமே கொண்டுபோய் அடைத்தோம்!

அந்த நேரம் அண்ணன், பக்கத்து நல்லகண்ணு தோட்டத்துக் கிணற்றுக்குள் குழி அடித்துக்கொண்டிருந்தார். அடித்த குழியெல்லாம் காலி. தோட்டாப் பெட்டி மேலே பூட்டிக் கிடந்தது, சாவி அவர் அரைஞாண் கயிற்றில். நாற்பதடி ஏறி, சிவப்புத் துணியைச் சுழற்றிக்கொண்டு ஓடி வந்தார். அந்தத் தொண்டை அன்றைக்கு வேறு வார்த்தை கத்தியது. "வெளிய வாங்க! ஏ பிள்ளைகளா, வெளிய வாங்க!" கஸ்தூரி டீச்சர் ஒருத்தர்தான் அதைக் கேட்டு உடனே நம்பினார். இரண்டு கையாலும் பிள்ளைகளை வெளியே தள்ளினார். கடைசியாக மேசைக்கடியில் பேச்சி என்ற ஏழு வயதுப் பிள்ளை ஒளிந்திருந்தது. அண்ணன் உள்ளே போய் அதைத் தூக்கி வாசலுக்கு வெளியே எறிந்தார். தரை இரண்டாவது தடவை ஆடியது. மேற்குச் சுவர் சரிந்து அவர் வலது கால் மேல் விழுந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஒரு கீறல் இல்லை!

இதற்கு நாம் அவருக்கு என்ன செய்திருக்க வேண்டும்? என்ன செய்தோம்?

மூன்றாம் நாள் விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். விழுந்த சுவரைக் கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என் கடை நாற்காலியில் உட்கார்ந்து, என் கடைக் கலர் சோடாவைக் குடித்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அதிர்ந்ததும் நீங்க என்னன்னு கத்துனீங்க?"

"வேட்டுன்னு கத்துனோம் சார். ஆனா..."

"ஆனா கீனா வேண்டாம். வேட்டுன்னு கத்துனீங்கள்ல?"

அவ்வளவுதான். மகஜர் தயார். 'அருகிலுள்ள கிணற்றில் கவனக்குறைவாக வைக்கப்பட்ட வேட்டின் அதிர்ச்சியால் பள்ளிச் சுவர் இடிந்தது.' டீச்சர் மறுத்தார். பயந்துபோன பொம்பளை பேச்சு என்று ஒதுக்கினார்கள். அதே நேரம் பல மைல் தள்ளி, காரியாபட்டியில் பரணிலிருந்த பாத்திரம் உருண்டதாக என் மைத்துனன் கடுதாசி போட்டான். அதை நீட்டினேன், வாங்கவில்லை. நான் கேட்கிறேன், நம் ஊர்க் கிணற்று வேட்டுக்குக் காரியாபட்டியில் பானை உருளுமா?

பிறகு அதிகாரி தணிந்த குரலில் சொன்னார். பூகம்பம் என்று எழுதினால் மேலே இருந்து ஆள் வரவேண்டும், சுவரைத் தோண்ட வேண்டும், புதுப் பள்ளிக்கூடம் வர ஐந்து வருஷம் ஆகும். வேட்டு என்று எழுதினால் உடனே வரும். கையெழுத்துப் போட்டோம். மூன்று சாட்சிகள். முதல் கையெழுத்து பொன்னுச்சாமி, நான். இரண்டாவது கிணற்றுக்காரர் நல்லகண்ணு. குழி காலியாக இருந்ததைக் கண்ணால் பார்த்தவர்! மூன்றாவது, இங்கே தலைமை தாங்கும் தலைவர் அவர்கள். கட்டுப் போட்ட காலோடு அண்ணன் படுத்திருந்த வீடு இருபது கெஜ தூரத்தில் இருந்தது. ஒருத்தரும் எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லைசென்ஸ் போனது. தொழில் போனது. ஐம்பது வயதில், நொண்டிக் காலோடு, அந்த மனிதர் கல் சுமக்கப் போனார். எங்கே? இதோ, இந்தக் கட்டடத்துக்கு! எந்தச் சுவர் அவர் காலை உடைத்ததோ அந்தச் சுவரைக் கட்டியவரிடமே கூலிக்கு! போன மாதம் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து மெல்லச் சொன்னார். "ஏலே பொன்னுச்சாமி, வெளியதான் காரை பூசுறாங்க. உள்ள அதே கரிசச் சேறுதாம்லே. பிள்ளைக ஒக்காரப் போகுதுகளே." நான் என்ன சொன்னேன்? "பேசாம இருங்கண்ணே. லைசென்ஸ் போனது பத்தாதா?" என்றேன். கொய்னாவில் அவர் தம்பியிடம் சொன்னாரே, பேசாமல் படு என்று, அதே வார்த்தையை நான் அவரிடமே சொன்னேன். பத்தாம் நாள் நெஞ்சுவலி. ஆள் போய்விட்டார்.

அவர் போன மறுநாள் ஒரு தபால் வந்தது. லைசென்ஸைத் திரும்பக் கேட்டு அவர் போட்ட மனுவுக்குப் பதில். கேளுங்கள். 'சாட்சிகள் மூவரும் வேட்டு என்றே கூறியிருப்பதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.' இதை நான்தான் மதினிக்குப் படித்துக் காட்டினேன். மதினி அழவில்லை. "அவுகளுக்கு இனி லைசென்ஸு எதுக்கு தம்பி? பிள்ளைக தலையில சுவர இடிச்ச ஆளுன்னு எழுதிவச்சிருக்கீகள்ல, அத மட்டும் அழிச்சிருங்க" என்றார்கள்.

அதை அழிக்கத்தான் நான் இந்த மேடையில் ஏறினேன். மாலை போட இல்லை.

நல்லமுத்து அவர்களே, எழுந்திருக்காதீர்கள், இன்னும் முடியவில்லை. என் மடியில் இருக்கிற இது குத்தூசி. மூட்டைக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்று குத்திப் பார்க்க நாங்கள் வைத்திருப்பது. வாயால் ஆயிரம் சொல்லலாம், குத்தூசி பொய் சொல்லாது. இதோ, தலைவர் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற சுவரில் குத்துகிறேன். பார்த்தீர்களா? பிடி வரைக்கும் போய்விட்டது! மேல்பூச்சு பல்லி முட்டை உடைகிற மாதிரி உடைகிறது. உருவினால் என்ன வருகிறது? சிமெண்டா? டீச்சர், வாங்கிப் பாருங்கள். மதினி, நீங்களும் பாருங்கள். கருங்கரிசல், இன்னும் ஈரம்கூடக் காயவில்லை. வருகிற திங்கட்கிழமை பேச்சி உட்படப் பிள்ளைகளை இதற்குள்தான் உட்காரவைக்கப் போகிறோம்.

என் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. 'அன்று வேட்டு வைக்கப்படவில்லை. பூமிதான் நடுங்கியது. சுவர் சேற்றால் கட்டப்பட்டிருந்தது. நாங்கள் பொய்ச் சாட்சி சொன்னோம். இன்றைய சுவரும் சேறுதான்.' கீழே நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதனால் எனக்கு வருகிறது வரட்டும். இன்னும் இரண்டு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். நல்லகண்ணு அண்ணே, தூணுக்குப் பின்னால் மறைந்தது போதும், அந்தத் தூணும் சேறுதான். தலைவர் அவர்களே, நீங்கள் கேட்ட நல்ல வார்த்தை நாலும், கூட ஒன்றும் இந்தக் காகிதத்தில் இருக்கின்றன. இது மேலிடத்துக்குப் போய்ச் சேரும் வரை, ஒரு ஆபீசில் வாங்காவிட்டால் வாங்குகிற ஆபீஸ் வரை, மாதா மாதம் நான் பஸ் ஏறுவேன். அண்ணன் வீடு வீடாகச் சொன்னதை இனி என் கடைக்கு உப்பு வாங்க வருகிற ஒவ்வொரு ஆளிடமும் நான் சொல்வேன். இந்த மண்ணுக்குக் கிடைத்த ஒரே காவல்காரர் கருத்தப்பாண்டிக்கு நான் செய்யக்கூடிய மரியாதை இதுதான்.

இப்போது இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்வது வழக்கம். நான் சொல்லமாட்டேன். இரண்டரை வருஷமாக நாம் மௌனமாகத்தானே இருந்தோம்! காகிதத்தை மைதானத்தில், வெயிலில் வைத்துக் கையெழுத்து வாங்கப் போகிறேன். அண்ணன் படத்தையும் எடுத்துக்கொள்கிறேன், அவர் இந்தச் சுவருக்குள் இருக்க வேண்டாம். தாய்மார்களே, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் கத்தியபோது நாம் கேட்கவில்லை. இன்றைக்காவது கேட்போம்.

எல்லாரும் எந்திரிங்க. வெளிய வாங்க! ஏ பிள்ளைகளா, வெளிய வாங்க!