ஈராக்குக்குப் போகாத பார்சல்

1990, மார்கழி முதல் வாரம். பேட்டையிலிருந்து முக்கூடல் போகும் பேருந்து. துணி சுற்றித் தைத்த பார்சலை மடியில் வைத்திருந்த பெண், பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் திடீரென்று கேட்டாள்.

“அண்ணாச்சி, ஈராக்கு அதிபருக்கு மூச்சிளைப்பு உண்டுமா?”

“எனக்கெப்படித் தாயி தெரியும்? ஏன் கேக்க?”

“எங்க வீட்டுக்காரருக்கு உண்டு. பாக்தாத்துல வெல்டரா இருக்காவ. கொண்டுபோன மாத்திரை இந்நேரம் தீர்ந்திருக்கும். வேற வாங்கி அனுப்பப் போனா, அந்த நாட்டுக்கு உலகமே தடை போட்டிருக்கு, சாமான் போகாதுன்னு தபாலாபீஸ்ல திருப்பிட்டாவ.”

“மருந்துக்குத் தடை இல்லைன்னு பேப்பர்ல போட்டிருந்தானே. கூட வேற என்ன வச்ச?”

“கருப்பட்டியும் பருப்புப்பொடியும். ஊர்லேந்து போற பார்சல் இனிப்பு இல்லாமப் போகலாமா?”

“நல்ல ஆளும்மா நீ! அதை எடுத்துட்டு மருந்தை மட்டும் அனுப்பு.”

அவள் அங்கேயே தையல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கருப்பட்டியையும் பருப்புப்பொடியையும் எடுத்துப் பெரியவர் கையில் கொடுத்தாள்.

“இனிப் போயிரும்லா?”

“அங்கன விமானமும் போகலைங்காவ, தாயி.”

அவள் பிரித்த துணியைத் திரும்ப மருந்தின்மேல் சுற்றினாள். முக்கூடல் நெருங்கியபோது அவளே சொன்னாள்.

“அந்த அதிபருக்கு இளைப்பு இருந்தா, அவருக்கு மட்டும் எப்படியும் மருந்து வந்துரும். இல்லையா, அண்ணாச்சி?”