பாதி விலைச் சாவி

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கும் வரிகள் மேலே ஏறிப்போவதற்கும் அதிகாரி ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வாக்குமூலத்தைத் தானே எழுதிக்கொள்வதாக ஸ்டேஷன் எழுத்தர் சொன்னார். நான்தான் தாளைக் கேட்டு வாங்கினேன். எனக்கு எழுத வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எழுதக் கிடைத்தால் விட மனம் வருவதில்லை.

பெயரும் முகவரியும் மேலே எழுத்தர் குறித்தபடி. வயது எழுபத்தொன்று. டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறேன். மனைவி இல்லை. மகன்கள் இருவர். பெரியவன் செல்போன் பழுது பார்ப்பவன்; இப்போது உங்கள் காவலில் இருப்பவன் அவன்தான். சின்னவன் லாரி ஓட்டியவன். போன மாதம் இறந்துவிட்டான்.

லாரி விபத்து ஒன்றுக்குப் பிறகு சின்னவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அதன் பிறகு பெரியவன் கட்டிலோரம் ஒரு கம்ப்யூட்டரும், மேஜையில் திருகி வைக்கும் ஸ்டீயரிங்கும் வாங்கி வைத்தான். சின்னவன் அதில் லாரி ஓட்டும் கேம் ஆடுவான். நான் கிளீனராகப் பக்கத்தில் உட்காருவேன். வழியில் வரும் ஊர்ப்பலகைகளைக் காட்டித்தான் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். "படிக்காம வண்டி நகராதுப்பா" என்பான். பின்னால் வரும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கும்.

கேம்களை அவன் ஒரே ஆன்லைன் கடையில்தான் வாங்குவான். கேம் செய்தவர்களே நேராக விற்பனைக்கு வைக்கும் கடை அது. வாங்கியதெல்லாம் அங்கே அவன் கணக்கில் இருக்கும். வேறு தளங்களில் வெறும் சாவி விற்கிறார்கள். சாவி என்றால் எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு வரி. அதைக் கணக்கில் அடித்தால் கேம் வந்துவிடும். பெரியவன் கேலி செய்வான்.

"அதே கேம் அங்க பாதி விலைடா. இவரு பெரிய ஜமீன், முழு விலைக்குத்தான் வாங்குவாரு."

"விக்கிறவனுக்கு அந்தச் சாவி எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டுச் சொல்லுண்ணே, வாங்குறேன்."

அதன் பிறகு சின்னவனுக்குச் சிறுநீரகம் கெட்டது. அந்த லாரி கேமில் தனியாக விலை கொடுத்துச் சேர்க்கும் மலைச்சாலை ஒன்று புதிதாக வந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்கு முன் தம்பி அதை ஓட்டிவிட வேண்டும் என்று பெரியவன் சாவி விற்கும் தளம் ஒன்றில் தன் சம்பளத்தில் அதற்குச் சாவி வாங்கினான். வங்கித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சாவி எங்கிருந்து வந்தது என்று சின்னவன் அன்று கேட்கவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தான், சாவியை அடித்தான். அன்று மாலை மூவரும் மலை ஏறினோம்.

மறுநாள் கடைக்காரர்கள் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். யாரிடமோ திருடிய கார்டில் வாங்கிய சாவியாம் அது. அவன் லாரி, போன ஊர்கள், எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. சாவி விற்றவன் பதிலே போடவில்லை. பெரியவன் கடைக்கு எழுதி எழுதிக் கெஞ்சினான். கணக்கு திறக்கும் முன்பே சின்னவன் போய்விட்டான்.

அதன் பிறகு கார்டைப் பறிகொடுத்தவர் கொடுத்த புகாரில் நீங்கள் வந்து பெரியவனை அழைத்துப் போனீர்கள். கேட்டதற்கு வாய் திறக்கவில்லை என்கிறீர்கள். தம்பி போனதிலிருந்து அவன் என்னிடமும் பேசுவதில்லை. அவன் கார்டு திருடவில்லை. கடை பார்த்து வாங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் பெரியவன் மருந்து வாங்கப் போயிருந்தபோது சின்னவன் என்னிடம் சொன்னான்: "அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்கப்பா. அந்த மலை ரோடு நல்லா இருந்துச்சு."

இதைச் சொல்ல நான் வாயெடுத்தாலே பெரியவன் எழுந்து வெளியே போய்விடுவான். உங்கள் இடத்தில் எழுந்து போக முடியாது. ஆகையால் தம்பி சொன்ன அந்த வரியை மட்டும் அவனுக்குப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். பதிலுக்கு அவன் எதுவும் கேட்டால், அடுத்த வாரம் அதற்கும் எழுதிக் கொண்டுவருகிறேன்.

இதில் கண்டவை யாவும் நடந்தபடியே. யாரும் பக்கத்தில் நின்று சொல்லாமல் நானே எழுதி, இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன்.

(கையெழுத்து)