கல்லூரி வாசலில் சூடாகும் வேன்

"வேனுக்கும் படிக்க ஆசை வந்துருச்சோ?" என்று ஓர் அம்மா கேட்டதும், மாத்தளைத் தேநீர்க் கடையில் நின்ற நான் காதைத் தீட்டிக்கொண்டேன். எதிரே, ஆசிரியர் கல்லூரி வாசலில், சீகிரியா போகும் வேனின் பொனட்டைத் திறந்துவைத்து நின்றான் அவருடைய மகன்.

"எஞ்சின் சூடும்மா."

"போன தடவையும் இதே கேட்லதான் சூடாச்சு. கலேவெல ரோட்டு வெயில்ல மட்டும் ஜம்முனு ஓடுச்சே?"

"சும்மா மலையைப் பாருங்கம்மா, எவ்வளவு அழகு!"

"பார்த்தேன். நீலச் சேலையில, குடையோட நிக்குது."

மகன் தலைகுனிந்தான். "நல்ல புள்ளைம்மா. நீங்க வேணாம்னு சொல்லிட்டா..."

"நீ கேட்டாத்தானேடா நான் வேணாம்னு சொல்றதுக்கு?"

அவர் காலித் தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டார்.

"எஞ்சினுக்கு விசிறிக்கிட்டு இரு. அந்தப் புள்ளைகிட்டயே தண்ணி கேட்டு, அப்படியே வீடு எந்தப் பக்கம்னும் விசாரிச்சுட்டு வர்றேன்."