பேசிக்கினே இரு, நைனா

சபைக் கமிட்டியின் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. அப்போது நான் தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு மீன் ஆகாது. காசிமேட்டுப் படகுகளுக்கு ஐஸ் விற்றே இரண்டு தலைமுறையாகப் பிழைக்கும் வீட்டில் பிறந்து மீனைத் தொடாதவன் நான் ஒருவன்தான் என்று அப்பா கல்மண்டபம் வட்டாரம் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் கடிதத்தைப் பிரித்தேன்.

போன ஞாயிறு ஆராதனையின் சாட்சி நேரத்தில் தாயம்மா கோயிலுக்குள் வந்து கத்தியதற்கு எழுத்து மூலம் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அவள் நம் சபையைச் சேர்ந்தவளே அல்ல. எண்ணூர்க் கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைக்கிறவள். ஆனாலும் சாட்சி சொல்ல நீங்கள் எல்லோருக்கும் கொடுக்கும் மூன்று நிமிடத்தை அவளுக்கும் கொடுத்தீர்கள். "இந்தாளு உசுர காப்பாத்துனது எங்கக்கா பூமாரி. அவள கொன்னது இந்தாளு. அன்னிக்கி கதவ யாரு சாத்துனதுன்னு கேளுங்க" என்று அவள் சொன்னாள். கடிதத்தின் கடைசியில் நீங்களும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். பதில் சொல்கிறேன். ஆனால் இதை மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துக்கொண்டு யாரும் படிக்க ஆரம்பிக்க வேண்டாம்.

என் உயிரைக் காப்பாற்றியது பூமாரிதான். அது எனக்கு முதல் நாளே தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை காலை, நண்பன் டெரிக்கின் ஃபைபர் படகில் எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் போனோம். மணல்திட்டுப் பக்கம் அலை வாங்கிப் படகு கவிழ்ந்தது. டெரிக் நீந்திவிட்டான். எனக்கு நீச்சல் தெரியாது. ஐஸ் கம்பெனி மொதலாளியின் மகனுக்கு நீச்சல் எதற்கு என்று வீட்டில் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. வாயெல்லாம் உப்பும் எண்ணெய் நாற்றமுமாகத் தண்ணீர் ஏறியபோது என் கழுத்தை ஒரு கை பிடித்தது. அந்தக் கையோடு ஒரு குரலும் வந்தது.

"கண்ண மூடாத நைனா. பேசிக்கினே இரு. காலைல இன்னா துன்ன?"

இட்லி என்றேன்.

"எத்தினி?"

நாலு.

"நாலா? இம்மாம் பெரிய ஒடம்புக்கு நாலு பத்துமா?"

கரை வரும்வரை அவள் விடவில்லை. சட்னியா சாம்பாரா, யார் அரைத்தது, அப்பா பேர் என்ன என்று கேட்டுக்கொண்டே இழுத்தாள். பேசிக்கொண்டிருக்கிற ஆளைத் தண்ணீர் கொண்டுபோகாது என்பது அந்தக் கழிமுகத்து ஆட்களின் நம்பிக்கை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னை மணலில் கவிழ்த்துப் போட்டு முதுகில் அழுத்தித் தண்ணீரைக் கக்கவைத்தாள். பிறகு அவளைக் காணவில்லை.

அன்று அதே கரைக்கு நம் பெண்கள் ஐக்கியத்தார் வேனில் உல்லாசப் பயணம் வந்திருந்தது உங்களுக்கே தெரியும். நான் கண்ணைத் திறந்தபோது என் தலை அவர்களோடு வந்த பெர்சிஸின் மடியில் இருந்தது. ஸ்தோத்திர ஆராதனையில் நான் சொன்னதும் அதைத்தான்: "கண் திறந்தேன், பெர்சிஸின் முகத்தைப் பார்த்தேன்." அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தண்ணீரிலிருந்து இழுத்ததும் அவள்தான் என்று சேர்த்துக்கொண்டது சபை. சபை ஆனந்தக் கண்ணீர் வடிக்கும்போது குறுக்கே நின்று திருத்துகிற அளவுக்கு நான் மரியாதை தெரியாதவன் அல்ல. அடுத்த வருடம் நானே அப்படிச் சொன்னேன். நன்றாக இருந்தது. ஆயர் ஐயா அன்று தன் பிரசங்கத்தையே சுருக்கிக்கொண்டார்.

பெர்சிஸ் ஒருமுறை என்னிடம், "நான் முழங்கால் தண்ணிவரைக்கும்தானே இறங்குனேன்? நீங்க ஏற்கெனவே மணல்லதானே கிடந்தீங்க?" என்று கேட்டாள். அது உன் தாழ்மை, பயத்தில் உனக்கு நினைவு தவறிவிட்டது என்று சொன்னேன். இரண்டு மூன்று முறை சொன்ன பிறகு ஒத்துக்கொண்டாள். அவள் அப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில் பருப்பு மொத்தக்கடை. "ஏலே, இது கர்த்தராப் பார்த்துப் போட்ட முடிச்சு" என்றார் என் அப்பா. நிச்சயத்துக்கு நாள் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பூமாரி எங்கள் கம்பெனி வாசலில் வந்து நின்றாள். கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் சுடுதண்ணீரும் சேர்ந்து இறால் செத்துப்போய்விட்டது, வேலை வேண்டும் என்றாள். என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு.

"இன்னா நைனா, நல்லாகீறியா? இன்னும் நாலு இட்லிதானா?"

அந்தக் குரலை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டிருப்பேன். ஏன் அன்று ஓடிவிட்டாய் என்று கேட்டேன். இழுக்கும்போது என் தங்கச் செயின் அறுந்து அவள் கையோடு வந்துவிட்டதாம். "குட்க்க வந்தா திருடிகினு போனேன்னுதான சொல்லுவாங்க? தங்கச்சிகிட்ட குட்த்து வச்சிகீறேன். உனக்கு வோணும்னா வாங்கிக்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றியதை யாரிடமும் சொல்லாதே என்றேன். ஏன் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டினாள். நான் சொன்னால் அவள் எதையும் செய்வாள் என்று அன்றே புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்க்கிற விதத்தை வைத்து ஒரு ஆணுக்கு அது புரியும்.

வேலை கொடுத்தேன். ஐஸ் பார்களை இழுக்கும் தரையில் வெறுங்காலோடு நின்றாள். சேற்றிலேயே வளர்ந்த கால். ஒரே மாதத்தில் பாதம் வெடித்து, நடக்கும் இடமெல்லாம் ரத்தத் தடம். கத்தி மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் கம்பூட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். அளவு சரியில்லை. நான் கொடுத்தது என்பதற்காகவே அதைப் போட்டுக்கொண்டு நொண்டினாள்.

அவளிடம் ஒரே ஒரு குறை. வாய் ஓயாது. சொல்லமாட்டேன் என்று தலையாட்டியவள்தான், ஆனால் பேச்சோடு பேச்சாக, "சின்ன மொதலாளிக்கு நாலு இட்லிதான் எறங்கும், எனுக்குத் தெரியும்" என்று ஐஸ் உடைக்கும் பெண்களிடம் சொல்லுவாள். எப்படித் தெரியும் என்று அவர்கள் கேட்பார்கள். பூமாரி சிரிப்பாள். நிச்சயத்துக்கு முந்தின சனிக்கிழமை பெர்சிஸ் வீட்டார் கம்பெனியைப் பார்க்க வருவதாக இருந்தது.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலில் இறங்கிய வாரம் அது. வெள்ளிக்கிழமை கம்ப்ரசர் அறையில் அமோனியா கசிந்தது. பூமாரி உள்ளே மாட்டிக்கொண்டாள். நான் முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போய் அவளை இழுத்து வந்தேன். தொண்டை வெந்துபோயிருந்தது. உயிர் பிழைத்தாள், குரல் திரும்பவில்லை. அந்த ஞாயிறு அவளுக்காக நீங்கள் ஜெபம் செய்தீர்கள். என் துணிச்சலையும் பாராட்டினீர்கள். அதை மறந்துவிட வேண்டாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவளை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தேன். என் அறை வாசலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்வாள். யார் இப்படிச் செய்வார்கள்? சாயங்காலங்களில் பைக்கில் உட்காரவைத்து எண்ணூர் வரைக்கும் கூட்டிப் போவேன், அவள் தண்ணீரைப் பார்க்கட்டும் என்று. வாழ்க்கையில் நான் மனம்விட்டுப் பேசியது அவளிடம்தான். வியாபாரம், அப்பாவின் கோபம், பெர்சிஸின் அழுகை எல்லாவற்றையும் சொல்லுவேன். குறுக்கே பேசாமல் கேட்பாள். அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதுவதற்கு வெட்கப்படவில்லை. அவளைவிட அதிகமாக வேறு யாரையும் பிடிக்கவில்லை.

கல்யாணத்தில் பெர்சிஸின் முக்காட்டு நெட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தது அவள்தான். போட்டோவில் பாருங்கள், சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அன்று காலையில் தாயம்மா மண்டபத்துப் பின்வாசலுக்கு வந்து அந்தச் செயினை அக்காவின் கையில் திணித்தாள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "இத்த ஆயருகிட்ட காட்டு. அவன் பேரு போட்டுக்கீது. உன்னால பேச முடியாது, இது பேசும்" என்றாள். உண்மைதான். பின்னால் 'பெனிட்டோ' என்று பொறித்த டாலர் அது. பூமாரி அதை யாரிடமும் காட்டவில்லை. நேராக மாடியேறி வந்து என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். பிறகு நெட் பிடிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் நான் போலீசில் புகார் கொடுத்தேன். மூன்று வருடத்துக்கு முன் காணாமல்போன செயின், வீட்டு வேலைக்காரியின் பாயடியில் கிடைத்தது என்று எழுதினேன். கல்நெஞ்சு என்று நினைப்பீர்கள். தாயம்மாவுக்கு வாய் இருந்ததே, அதை யோசித்துப் பாருங்கள். திருடியின் தங்கை சொல்வதை யார் கேட்பார்கள் என்று முன்கூட்டியே பார்த்துச் செய்தேன். போன ஞாயிறு நீங்கள் அவள் சொன்னதைக் கேட்டீர்கள், அது மட்டும்தான் நான் எதிர்பார்க்காதது. பூமாரியைப் பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நானே புகாரைத் திரும்ப வாங்கினேன். ஆட்டோவுக்குப் பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. திருவொற்றியூர்ப் பக்கமாக நடந்து போனாள். மூன்றாம் நாள் முகத்துவாரத்தில், நுரை ஒதுங்குகிற இடத்தில், அவளை எடுத்தார்கள். என்னை இழுத்துப் போட்ட அதே மணல்திட்டு. கழிமுகத்திலேயே நீந்தி வளர்ந்தவளைத் தண்ணீர் தானாகக் கொண்டுபோயிருக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கு மட்டும் சாப்பாடு இறங்கவில்லை.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஜெனி இதைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கடல்கன்னிக் கதையோடு ஒப்பிட்டுப் பேசுகிறாராம். அந்தக் கதையை வாங்கிப் படித்தேன். எல்லோரும் கடல்கன்னிக்காக அழுகிறார்கள், இளவரசனிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அவனுக்கு விஷயம் தெரியாது என்று எழுதியிருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உயிரோடு இழுத்துப் போட்ட கை எது என்று யாருக்கும் தெரியாமல் போகாது. அவன் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெர்சிஸ் இப்போது அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு முழங்கால் தண்ணீர்க் கதையை உங்களிடம் மறுபடி சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும்.

இனி கதவு.

கம்ப்ரசர் அறையில் வால்வு கசிகிறது, பாக்கிங் மாற்ற வேண்டும், ஒரு நாள் மெஷினை நிறுத்த வேண்டும் என்று மெக்கானிக் இசக்கிப்பாண்டி புதன்கிழமையே சொன்னார். படகுகள் இறங்கும் வாரம், நிறுத்த முடியாது என்றேன். வெள்ளிக்கிழமை காலை அந்த அறைப் பக்கம் போனபோது மூக்கில் ஏறியது. வால்வை நான் தொடவில்லை. பூமாரியைக் கூப்பிட்டு, உள்ளே தரையைத் துடைக்கச் சொன்னேன். நான் சொன்னால் செய்வாள். அந்தச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது: கசிவு ஏற்பட்டால் ஆட்களை வெளியேற்றிவிட்டுக் கதவை அடைக்கவும். இரண்டையும் செய்தேன். முன்பின்னாகச் செய்தேன். வெளியே நாற்பது பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். வாடை பரவவிடக் கூடாது.

ஈரத் துண்டு முன்பே என் தோளில் இருந்தது.

அவள் கதவைத் தட்டினாள். "நைனா, கதவு சிக்கிக்கிச்சி" என்றாள். நான் வெளியே நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்று, பேச்சு மட்டும் வந்தது. "நான் கண்ண மூடல நைனா. பேசிக்கினுதான் கீறேன். காலைல இட்லி துன்னேன். ரெண்டு." பிறகு இருமல். பிறகு மறுபடியும், "ரெண்டு நைனா." பிறகு எதுவும் கேட்கவில்லை.

எதுவும் கேட்காமல் போனதும் கதவைத் திறந்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் அன்றே செத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார், ஆஸ்பத்திரித் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. நான் விடவில்லை. உள்ளே போனேன், என் கையாலேயே அவளைத் தூக்கி வந்தேன். இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. பூமாரியின் உயிரைக் காப்பாற்றியது நான்தான் என்று வருகிற ஞாயிறு சாட்சி சொல்ல எனக்கும் மூன்று நிமிடம் ஒதுக்கித் தரும்படி கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

வே. பெனிட்டோ