பேர் போடாத வாழ்த்து

இல்ல இல்ல, அந்த நாற்காலி வேண்டாம்மா, அதுக்கு ஒரு கால் நொண்டி. இங்க வா, என் பக்கத்துல உக்காரு. ஹீட்டரும் இந்த மூலையிலதான் கொஞ்சமாச்சும் உசுரோட இருக்கு. கோட்டைக் கழட்டாத, கழட்டினா பல்லு தந்தியடிக்க ஆரம்பிச்சுடும். போன வாரம் நான் மரியாதைக்குக் கழட்டி வச்சுட்டு உக்காந்தேன். வீட்டுக்குப் போய் தும்மு தும்முன்னு தும்மிக்கிட்டுக் கெடந்தேன்.

இந்தக் குப்பையா? எல்லாம் நான் கெடுத்த வாழ்த்து அட்டைதான், காலையிலேர்ந்து சேர்த்தது. பயப்படாத, உனக்கு இவ்வளவு வீணாப் போகாது. எனக்குக் கைதான் சரியில்ல. நான் சலவைக் கடையில இஸ்திரி போடறவ. வருஷக்கணக்கா அமுக்கி அமுக்கியே பழகின கை இது. டீச்சர் என்ன சொல்றாங்கன்னா, ரப்பர் ஸ்டாம்பை மையில லேசா தட்டுங்க, அட்டை மேல வச்சு ஒரு சின்ன அழுத்து, அப்படியே நேரா தூக்கிடுங்க, அவ்வளவுதான்னு. காதுக்கு நல்லாத்தான் இருக்கு, என் கைக்கு ஏறணுமே. ஸ்டாம்பை வச்ச உடனே சட்டைக் காலரை அமுக்கற மாதிரி ஒரு அமுக்கு, ஒரு இழுப்பு. போச்சு, எழுத்தெல்லாம் ஈஷிக்குது. இந்தா, இதைப் பாரு. யாராச்சும் இதை வாழ்த்துன்னு சொல்லுவாங்களா?

கொஞ்சம் இரு, ஜன்னல்ல ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன். ம், நிக்கிறாரு. கீழ வெள்ளை வேன் தெரியுதா, எங்க கடையோட டெலிவரி வேன். உள்ள இருக்கறது என் வீட்டுக்காரர். மேல வந்து சூடா உக்காருங்கன்னா கேக்கமாட்டாரு. ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு அங்கயேதான் இருப்பாரு. இந்தக் கார்டு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். போகலேன்னா நான் மனுஷியா இருக்கமாட்டேன், அது அவருக்கும் தெரியும்.

சரி, நீ யாருக்குப் பண்ற? மாமியாருக்கா, பலே. கல்யாணம் ஆகி எத்தனை மாசம்? அதான பார்த்தேன், புதுசு. அதான் கையால பண்ணிக் குடுக்கத் தோணுது. சிரிக்காத, நானும் அந்த வழியா வந்தவதான். பெரிய பூவா ஒண்ணு எடு. ஓரமா ஒரு பறவையை வை. வாசகத்தை மட்டும் சின்னதா போடு. மாமியாருக்குப் பெரிய எழுத்துல எதையும் எழுத்துமூலமா குடுத்துடக் கூடாதும்மா, பின்னாடி ஒருநாள் எடுத்து நீட்டுவாங்க.

எனக்கா? என்னோடது யாருக்குன்னு எனக்கே தெரியாது.

நெசமாத்தான் சொல்றேன். ஆஸ்பத்திரி மூலமா ஒருத்தருக்குப் போகுது. நோயாளியா? நோயாளியா இருந்தவங்க. இப்ப நல்லா இருக்காங்கன்னு மட்டும் சொன்னாங்க. ஆணா பொண்ணா, சின்ன வயசா பெரிய வயசா, எதுவும் சொல்லமாட்டாங்க. என்னைப் பத்தியும் அங்க சொல்லமாட்டாங்க. சேவையா? அப்படியே வச்சுக்கோயேன்.

அங்க ஒரு பொண்ணு இருக்கா, கண்ணாடிக்காரி. எது போறதா இருந்தாலும் அவ கையைத் தாண்டித்தான் போகணும். பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் அனுப்புவா. பேர் எழுதக்கூடாது, ஊர் எழுதக்கூடாது, வயசு கூடாது, தேதி கூடாது. ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் தேடிக்கிட்டு வந்துடக் கூடாதாம். நல்லதுக்குத்தான் வச்சிருக்காங்க, நான் இல்லேங்கல. ஆனா போன வருஷம் அவ என்னைப் படுத்தின பாடு இருக்கே.

மொதல்ல கடையிலதான் வாங்கிட்டுப் போனேன். நல்லா பளபளன்னு, தங்கக் கோடெல்லாம் போட்டது. திருப்பிப் பார்த்தா பின்னாடி கடை பேர், தெருப் பேர், போன் நம்பர்னு ஜாதகமே அடிச்சிருக்கு. இது போகாதுங்கன்னு திருப்பிக் குடுத்துட்டா. சரின்னு வெள்ளை அட்டையை மடிச்சு நானே கையால எழுதிட்டுப் போனேன். அதையும் படிச்சா. படிச்சுட்டு என்னையே பார்க்கறா. அம்மா, இது வாழ்த்தா மிரட்டலாங்கறா.

பெருசா ஒண்ணும் எழுதலம்மா. வேளா வேளைக்குச் சாப்பிடு, கண்டதையும் திங்காத, மாத்திரையை மறக்காத. குடிக்கற பழக்கம் இருந்தா இன்னையோட அதைத் தலைமுழுகிடு. அவ்வளவுதான் எழுதினேன். இதுல என்ன தப்பு? பெத்தவங்க சொல்றதில்லையா? நீ சிரிக்கற. அவ சிரிக்கல. அவங்க பயந்துடுவாங்கம்மா, யாரோ கண்காணிக்கறாங்கன்னு தோணிடும்னு சொல்லிக் கையில திணிச்சுட்டா. அதுக்குள்ள அந்த நாளும் போயிடுச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் நான் யார்கிட்டயும் முகம் குடுத்துப் பேசல. எனக்குப் பேசாம இருக்கறதுன்னா என்னன்னு உனக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும்.

இந்தக் குளிர்காலம் ஆரம்பிச்ச உடனே அவகிட்டயே போய் நின்னேன். என்னதான் பண்ணா அனுப்புவ, நீயே சொல்லுன்னேன். கொஞ்சம் யோசிச்சா. நல்ல பொண்ணுதான், சும்மா சொல்லக்கூடாது. கையால எழுதவே வேண்டாம்மா, எல்லாரும் போடற பொது வாசகமா, ஸ்டாம்புல அடிச்சதா இருந்தா நான் கேள்வி கேக்கமாட்டேன்னா. அப்பத்தான் இந்த லைப்ரரி மாடியில வாழ்த்து அட்டை செய்யச் சொல்லித் தராங்கன்னு பேப்பர் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஸ்டாம்புல இருக்கற வார்த்தை யாரோடதும் இல்ல பாரு. யார் வேணா யாருக்கு வேணா அடிக்கலாம். ஆனா அடிக்கறது என் கை. அந்தக் கண்ணாடிக்காரியால அதைத் திருப்பி அனுப்ப முடியாது.

இரு, எனக்கு உக்காந்தா இருப்பு கொள்ளல. ஒரு எட்டு பார்த்துட்டு வரேன். ஆமா, அப்படியேதான் உக்காந்திருக்காரு.

அவருக்கு இதுல இஷ்டம் இல்லையான்னா கேக்கற? இஷ்டம் இல்லாமலா இந்தக் குளிர்ல உக்காந்திருக்காரு. பேசமாட்டாரு, அவ்வளவுதான். முன்னாடி நல்லா பேசுவாரு, என்னையே மிஞ்சிடுவாரு. இப்ப எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசிக்கிட்டிருக்கேன். கடையில கூட சொல்லுவாங்க, இவ பேச்சுலயே துணி காஞ்சிடும்னு.

பிள்ளைங்களா? ஒண்ணு. பொண்ணு. ஏய், உன் பூ கோணிக்கிட்டுப் போகுது பாரு, அட்டையை நேரா வை. அடியில அந்தப் பழைய பேப்பரை மடிச்சு வச்சுக்கோ, மெத்துன்னு இருந்தாத்தான் ஓரமெல்லாம் சரியா விழும். ஆங், அப்படித்தான். உனக்குக் கை வருது. எனக்கு வாய்தான் வருது.

டீச்சர், இதோ முடிச்சுடறேன். இல்ல, அந்த ஸ்டாம்பு வேண்டாம் டீச்சர். ஐயோ, அதுவும் வேண்டாம். இதுலயே அடிச்சுடறேன், தேங்க்ஸ்.

போயிட்டாங்களா? பாவம், அவங்களும் காலையிலேர்ந்து ஒவ்வொண்ணா கொண்டுவந்து வைக்கறாங்க. சீக்கிரம் குணமாகுங்கன்னு ஒண்ணு. அவங்கதான் குணமாயிட்டாங்களே, எழுந்து நடமாடறவங்களைத் திரும்பவும் படுக்கையில போட்ட மாதிரி ஆயிடாது? நன்றின்னு ஒண்ணு. நான் எதுக்கு நன்றி சொல்லணும்? அவங்க எனக்குச் சொன்னாலும் எனக்குக் கேக்கப் பிடிக்காது. புத்தாண்டு வாழ்த்து இருக்கு, எழுத்து நல்லா பட்டையா இருக்கு, உங்க கைக்கு அதுதான் சரியா வரும்னு சொல்றாங்க. எனக்கு இந்தப் பிறந்தநாள் வாழ்த்துதான் வேணும். இதுல பாரு, எழுத்து தலைமுடி மாதிரி மெலிசு. கொஞ்சம் அமுக்கினாலும் ஊறிப்போகுது. குளிருக்கு மை வேற சீக்கிரம் காயமாட்டேங்குது. காயட்டும்னு ஹீட்டர் மேல வச்சா அட்டை அப்பளமா வளையுது. மண்டை காஞ்சுபோச்சு எனக்கு.

ஏன், நீயும் புத்தாண்டே போடுங்கறியா? இப்ப எல்லாரும் அதைத்தான் அனுப்பறாங்கன்னு எனக்கும் தெரியும். ஆனா இன்னைக்கு அது இல்லையேம்மா.

பயமா இருக்கு. இதான் கடைசி அட்டை. மிச்சம் எல்லாத்தையும் நான் நாசம் பண்ணிட்டேன். டீச்சர்கிட்டயும் இந்தத் தினுசு தீர்ந்துபோச்சு. சாயங்காலம் அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு பையைக் கட்டிட்டுக் கெளம்பிடுவா. அப்புறம் நான் அடுத்த வருஷம் இந்த நாள் வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். ஏற்கனவே ஒரு வருஷம் தப்பிப்போச்சு. இன்னொரு வருஷம் என்னால தாங்க முடியாதும்மா, வெளிப்படையாவே சொல்றேன்.

உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா, சிரிக்கக் கூடாது. பஸ்ல போனா எதிர்ல உக்காந்திருக்கறவங்களையெல்லாம் நான் உத்து உத்துப் பார்க்கறேன். யாராச்சும் நல்லா தெம்பா, கன்னமெல்லாம் உப்பி, ஒரு பொட்டலத்தைப் பிரிச்சு ரசிச்சுத் தின்னுக்கிட்டு வந்தாங்கன்னா, இவங்களா இருக்குமோன்னு தோணும். எறங்கற எடம் தாண்டிப் போயிருக்கேன், அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும்னு. ஒருநாள் எங்க கடை வாசல்ல ஒருத்தன் பாட்டிலும் கையுமா தள்ளாடிக்கிட்டு நின்னான். நான் இஸ்திரிப் பெட்டியை வச்சது வச்சபடி ஓடிப்போய், ஏண்டா பாவி, உனக்கு இதுக்கா குடுத்தாங்கன்னு அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன். அவன் யாரோ, எவனோ. என் வீட்டுக்காரர்தான் வந்து என் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு விட்டாரு. வேன்ல உக்கார வச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு.

என்ன அப்படி முழிக்கற? பைத்தியம் இல்லம்மா. கொஞ்சம் கால்ல வெந்நீர் ஊத்திக்கிட்ட மாதிரி இருக்கேன், அவ்வளவுதான். எப்பவும் இப்படி இல்ல.

நீ எனக்கு ஒரு உதவி பண்றியா? நீயே அடிச்சுக் குடுத்துடேன். என் கை அமுக்கற கை, இது இப்ப எனக்கு உதவாது. நானே பண்ணணும்னு இருந்தேன்தான். மடிச்சது நான், வெட்டினது நான், ஓரத்துல இந்த எலை எல்லாம் நான் வச்சது, அது போதும். வாசகம் மட்டும் நீ போடு. உன் கைக்கு அந்தப் பதம் தெரியுது. இந்தா, மையில ரெண்டு தட்டு. ஒரு ஓரமா வச்சுப் பார்த்துக்கோ. நேரா இருக்கா? இன்னும் ஒரு நூல் கீழ. ம், இப்ப வை. லேசா. அசைக்காத. நான் பார்க்கல, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். எடுத்துட்டியா?

அடி என் கண்ணு. ஒரு எழுத்துகூட ஈஷல. பொறந்தநாள் வாழ்த்துன்னு பளிச்சுன்னு விழுந்திருக்கு. தொடாத, தொடாத, டீச்சர் இப்ப வச்சுட்டுப் போன அந்த ஹேர் டிரையரை இப்படிக் குடு. தூரமா வச்சுத்தான் காட்டணும். உன் மாமியார் குடுத்துவச்சவங்க போ. நான் சொன்னேன்னு போய்ச் சொல்லாத, தலைக்கு மேல ஏறிக்குவாங்க.

கதவுகிட்ட யாரு? அட, அவரே மேல ஏறி வந்துட்டாரு. வந்துட்டேங்க, முடிஞ்சுது. இந்தப் பொண்ணுதான் அடிச்சுக் குடுத்தா. ஈரமா இருக்கு, விரலை வைக்காதீங்க. ஓரத்தைப் பிடிச்சுக்கோங்க. படிச்சுட்டீங்களா? சரி, கீழ போய் வண்டியை எடுங்க, நான் கையைக் கழுவிட்டு வரேன். கண்ணைத் துடைச்சுட்டு ஓட்டுங்க, வண்டிக் கண்ணாடி வேற பனி பிடிச்சிருக்கும்.

என்னம்மா கேட்ட? ஓ, அதுவா. அவங்களைப் பத்தி ஒண்ணுமே தெரியாதுன்னீங்க, பொறந்தநாள் மட்டும் எப்படித் தெரியும்னா? அவங்க பொறந்தநாள் எனக்கு எங்க தெரியும். இன்னைக்கு என் பொண்ணோட பொறந்தநாள். அவ ரோட்டுல அடிபட்டுப் போனப்போ ஈரலை எடுத்து ஒருத்தருக்கு வைக்கலாமான்னு ஆஸ்பத்திரியில கேட்டாங்க, குடுத்தோம். அது அவளோட சேர்ந்து பொறந்ததுதான, அதுக்கும் இன்னைக்குத்தான பொறந்தநாள். சரிம்மா, நான் வரேன். மை டப்பாவை மூடி வை, காஞ்சுடும்.