ஒரு சுவரொட்டியும் நான் பேசாத பேச்சும்

அவைக்கு அணியாக வீற்றிருக்கும் துறைத் தலைவர் அவர்களே! பார்ப்பதற்கும் ஒரு படிப்பு உண்டென்று எங்களுக்குப் பழக்கிய ஆசிரியப் பெருமக்களே! எங்கள் பிழைகளைப் பொறுத்துப் பொறுத்து அச்சடித்துத் தந்த அச்சக அண்ணன் அவர்களே! என் தோழியைப் பெற்று, இன்று முன்வரிசையில் மடியில் கைகோத்து அமர்ந்திருக்கும் தாயே! காட்சித் தொடர்பியல் முதுகலை வகுப்பில் இன்று காலடி வைக்கும் முப்பத்தொரு தம்பி தங்கைகளே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

வரவேற்புரை வழங்கச் சொன்னார்கள். வரவேற்கத்தான் வந்தேன். ஆனால் உங்களை இங்கே வரவழைத்தவள் இன்று உயிரோடு இல்லை. அவளைச் சொல்லாமல் உங்களை நான் எந்த வாயால் வரவேற்பேன்?

சென்ற ஆண்டு இந்த வகுப்பில் சேர விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நால்வர்! நாற்பது நாற்காலிக்கு நால்வர்! இந்த ஆண்டு பன்னிரண்டு பேராவது சேராவிட்டால் வகுப்பையே மூடிவிடுவோம் என்றது நிர்வாகம். விளம்பரச் சுவரொட்டி செய்யும் பொறுப்பு இரண்டு ஆய்வு மாணவிகளிடம் வந்தது. ஒருத்தி நான். ஒரு படத்தில் கண் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்ற கோட்பாட்டை ஆராய்பவள். பேச்சுக்குப் பேச்சு மேற்கோள் காட்டுவேன். அதனால் எனக்குப் பட்டப்பெயர் ‘அடிக்குறிப்பு’. மற்றவள் வடிவமைப்பாளர். விரலில் கறையில்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அதனால் அவள் ‘மை’.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. ஒரு மேசை, ஒரு கணினி, கீரியும் பாம்புமாக நாங்கள் இருவர். என்ன தம்பி, சிரிக்கிறீர்கள்? உங்களுக்கும் அப்படியொரு கூட்டாளி வாய்ப்பாள், பாருங்கள்!

பட்டமளிப்புத் தொப்பிகளும் பளிச்சிடும் பற்களுமாக முதல் வரைவைச் செய்தோம். பேருந்து நிறுத்தத்தில் ஒட்டிவிட்டு எதிரே நின்று எண்ணினோம். நூறு பேர் கடந்தார்கள்; மூன்றே பேர் பார்த்தார்கள். மூன்றாமவர், மகளோடு வந்த ஒரு தையற்கார அம்மா. எங்களைப் பார்த்துக் கேட்டார்: “இதப் படிச்சா எம்பொண்ணு என்னம்மா ஆவா?”

மை என் கையைப் பிடித்து உலுக்கினாள். “அடிக்குறிப்பு! தலைப்பு கெடச்சிருச்சுடி!”

அந்தக் கேள்வியே தலைப்பாயிற்று. அதன் கீழே, மருத்துவமனைச் சுவரில் வழிகாட்டும் ஓர் அம்புக்குறி. முதியவரும் படிக்கும்படி அமைத்த ஒரு மருந்துச் சீட்டு. ஒரு பேருந்துத் தட வரைபடம். ஒவ்வொன்றின் அருகிலும், ‘இதைச் செய்தவர் இங்கே படித்தவர்’ என்ற ஒற்றை வரி. அவ்வளவுதான்!

வரைந்து முடித்த வாரமே அவள் மருத்துவமனையில் படுத்துவிட்டாள். இரத்தத்தில் நோய். விளம்பரக் குழுவின் முன் நான் தனியாகப் போய் நின்றேன். உறுப்பினர் ஒருவர் சொன்னார்: “கேள்வி கேட்டா சந்தேகந்தாம்மா வரும். சிரிச்ச மூஞ்சியா நாலு போடுங்க.”

அன்பர்களே! கேள்வி கண்ணை நிறுத்தும் என்பதற்குத்தானே நான் இருநூறு பக்கம் எழுதியிருந்தேன்? அத்தனையும் என் நெஞ்சில் இருந்தது. நாவில் வந்ததா? வரவில்லை! “சரிங்க சார்” என்றேன். சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாலையில் கட்டிலருகே போனேன்.

“ஏத்துக்கிட்டாங்களா?”

“இல்லடி.”

“நீ எடுத்துச் சொன்னியா?”

“சொன்னேன்டி. எவ்வளவோ வாதாடிப் பார்த்தேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “சரி விடு. தொண்டை கட்டியிருக்கும். தண்ணி குடி.”

குடித்தேன். பொய் சொன்ன வாயால் அவள் தந்த தண்ணீரைக் குடித்தேன். ஒன்பதாம் நாள் அவள் போய்விட்டாள்.

சிரித்த முகங்கள் சுவரேறின. வந்த விண்ணப்பங்கள் ஏழு. விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு மூன்று வாரம் இருக்கையில், மையின் சுவரொட்டியைத் தலைவர் அவர்களின் மேசையில் விரித்து, அன்று பேசாததையெல்லாம் பேசினேன். எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? இரண்டு நிமிடம்! “இதையே போடுங்கம்மா” என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: “நானும் அந்தக் குழுவுல இருந்தேனே. அன்னைக்கே ஏம்மா சொல்லல?”

மையின் சுவரொட்டி தெருவேறியது; ஏழு முப்பத்தொன்றாயிற்று! இல்லை, கைதட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். அந்த இரண்டு நிமிடத்தை அன்றே செலவழித்திருந்தால், தன் படைப்பு தெருவில் நிற்பதை ஒரு புகைப்படத்திலாவது அவள் பார்த்திருப்பாளே! அவள் கண் திறந்திருந்தபோது என் வாய் திறக்கவில்லை. என் வாய் திறந்தபோது அவள் கண் மூடிவிட்டது.

சென்ற வாரம் இந்தத் தாயிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் சொன்னார்: “எனக்குத் தெரியும்மா. அன்னைக்கு நீ கெளம்பினதுமே அவ சொல்லிட்டா. ‘அவ வாயே தொறந்திருக்க மாட்டாம்மா, பயந்தாங்கொள்ளி. நீ எதுவும் கேட்டுடாத, அழுதுடுவா’ன்னா.”

தெரிந்தே எனக்குத் தண்ணீர் தந்திருக்கிறாள், தோழர்களே! தெரிந்தே!

தம்பிகளே, தங்கைகளே! உங்களுக்குக் கோட்பாடு கற்றுத் தருவார்கள், வடிவம் கற்றுத் தருவார்கள். பக்கத்து நாற்காலிக்காரரின் உழைப்புக்காக எழுந்து நின்று பேசும் துணிவை எந்தப் பாடத்திலும் வைக்கவில்லை. அதை நீங்கள்தான் ஒருவருக்கொருவர் கற்றுத்தர வேண்டும். காலம் இருக்கும்போதே கற்றுத்தர வேண்டும்.

மகளின் பெட்டி, தூரிகை அனைத்தையும் இந்தத் துறைக்கே தந்துவிட்ட தாய்க்கும், தடுமாறிய என் குரலைப் பொறுத்த அவைக்கும் நன்றி. வாருங்கள், வகுப்பு திறந்திருக்கிறது. வணக்கம்.